நெசவில் எழுதிய அரசியல்: திராஸும் கதரும்

துணி உடலை மறைக்கவும் அழகூட்டவும் மட்டும் உரியதன்று. ஆள்பவர் யார், அவருக்குக் கட்டுப்பட்டவர் யார் என்பதையும் அது அறிவித்து வந்துள்ளது. இஸ்லாமிய நாகரிகத்தில் இதற்குத் தெளிவான சான்று 'திராஸ்' எனும் கலையாகும். பாரசீகத்திலிருந்து அரபியில் புகுந்த இச்சொல், முதலில் பூத்தையல் வேலையையும், பின்னர் எழுத்துப் பொறித்த ஆடைக்கரையையும், அதனை நெய்த அரசு நெசவுக்கூடத்தையும் குறித்தது.

1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், ஆட்சியின் அடையாளச் சின்னங்களுள் ஒன்றாகத் திராஸை ஆராய்கிறார். அரசரின் பெயர் பொன்னிழையாலோ, துணியின் நிறத்தினின்றும் வேறுபட்ட வண்ண இழையாலோ நெய்யப்பட்டது. அதனைக் கில்அத்தாகப் பெற்று அணிந்தவர், தாம் அவ்வரசருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை ஊரறியச் செய்தார். குத்பாவிலும் நாணயத்திலும் பெயர் இடம்பெறுவதற்கு நிகரான உரிமை இது. எனவே பெயரை நீக்குவது கிளர்ச்சியாகவே கருதப்பட்டது. 809இல் கலீஃபா ஹாரூன் ரஷீத் மறைந்தபின் அவர்தம் மைந்தர்களிடையே பகை முற்றியபோது, குராசானிலிருந்த மஃமூன், கலீஃபாவான தம் சகோதரர் அமீனின் பெயரைத் திராஸிலிருந்து நீக்கினார். வாள் உருவப்படும் முன்னரே தறி பேசிவிட்டது.

ஆள்வோர் துணியில் தம் பெயரை எழுதினர். ஆளப்படுவோர் தம் கருத்தைத் துணியால் எவ்வாறு உரைத்தனர்? இதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. 1921 செப்டம்பர் 14 அன்று, காந்தியடிகளுடன் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கிலாஃபத் தலைவர் மௌலானா முகம்மது அலீ வால்டேரில் கைது செய்யப்பட்டார். காந்தியடிகள் பயணத்தைத் தொடர்ந்தார். மதுரை செல்லும் இரயிலில் உடன் வந்தோரிடம் கதர் உடுத்துமாறு அவர் வேண்ட, அதனை வாங்கும் வசதி தமக்கில்லை என்றனர் அவர்கள். செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். ஏழைக்கு எட்டாத துணி ஏழையின் கொடியாக இயலாது என்பதை அம்மாற்றம் உணர்த்தியது. சென்னையில், காங்கிரஸ் தலைவராயிருந்த எஸ். சீனிவாச ஐயங்காரின் மகளார் அம்புஜம்மாள், அந்நியத் துணிப் புறக்கணிப்பில் ஈடுபட்டு 1932இல் சிறை சென்றார்.

திராஸின் பொருள் அதன் எழுத்தில் இருந்தது. கதரிலோ எழுத்தே இல்லை. கையால் நூற்று, கையால் நெய்த செயல்முறையே அதன் வாசகம். பிற்காலத்தில் சந்தைக்கென நெய்யப்பட்ட சில திராஸ்களில் எழுத்துகள் படிக்க இயலாத வெறும் அலங்காரமாகிவிட்டன. கதருக்கும் அத்தகைய நிலை நேரலாம். 2002ஆம் ஆண்டின் தேசியக் கொடி விதித்தொகுப்பு கையால் நூற்று நெய்த துணியையே ஏற்றிருந்தது. 2021 டிசம்பர் 30இல் செய்யப்பட்ட திருத்தம் இயந்திரத்தில் நெய்த துணியையும் பாலியெஸ்டரையும் அனுமதித்தது. கொடி மலிவாகப் பலரையும் எட்டும் என்பது உண்மையே. ஆயின் நிறங்களும் சக்கரமும் மாறாதிருக்க, இழை சொல்லிவந்த செய்தி மட்டும் மறைகிறது. அச்செய்தியோடு பிணைந்திருப்பது நூற்பவர், நெய்பவர் ஆகியோரின் பிழைப்பு என்பதை நாம் மறத்தலாகாது.