நிறம் யாருடைய சொத்து?



"உடுப்பு விஷயத்தில் பழைய முறையை விடக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழைய முறை எவ்வளவு காலம் பழையது? நான் கொட்டியாரக் குடாவின் தெற்குக் கரையில் பெண்களுக்குத் தையல் பழக்குகிறேன். அளவெடுக்கவும் வெட்டவும் சொல்லிக் கொடுக்கும்போது, துணிகளின் கதையையும் இடைக்கிடை சொல்வதுண்டு. கேட்கும் பெண்கள் சிரிப்பார்கள், வியப்பார்கள், சில வேளை மௌனமாகிவிடுவார்கள். அவற்றில் சிலவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

கப்பலில் வந்த சொற்கள்

உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். காலுக்குச் சப்பாத்து, பையனுக்குக் களிசான், முகம் துடைக்க லேஞ்சி, குளித்தபின் துவாய், சட்டைக் கரையில் ரேந்தை. இந்த ஐந்தும், அலுமாரி என்ற சொல்லும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. சப்பாத்தோ, லென்சோ, ரெண்டா என்று அவர்கள் சொன்னதை எங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம்.

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505 இல். 1622 இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1624 இல் அங்கே கோட்டை கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள், 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஆண்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். உடுப்புச் சொற்கள் மட்டும் எங்களுடையவையாகித் தங்கிவிட்டன. இன்று ரேந்தை வைத்த சட்டையைப் பார்த்து இது அந்நிய வழக்கம் என்று யாரும் சொல்வதில்லை.

வந்தது போலவே போனதும் உண்டு. கலிகோ என்று உலகம் அழைக்கும் பருத்தித் துணிக்குக் கோழிக்கோட்டின் பெயர். மாலுமிகளும் தொழிலாளிகளும் அணிந்த டங்கரி என்ற முரட்டுத் துணிக்குப் பம்பாயின் டோங்கிரிப் பகுதியின் பெயர். காக்கி என்றால் உருது மொழியில் புழுதி நிறம்.

மஸ்லினும் ஒரு கல்லறையும்

திருகோணமலை நகரில் உள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் சார்ல்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852 இல் பர்மாவில் நடந்த போரின்போது நோயுற்று இறந்தவர். இவருடைய அக்கா ஜேன் ஒஸ்டின், உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியை. 1811 இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் அவரது பெயர் இல்லை. ஒரு பெண் எழுதியது என்று மட்டுமே அச்சிட்டார்கள்.

அவருடைய கதைகளில் வரும் இளம்பெண்கள் மஸ்லின் துணியில் மெல்லிய உடைகள் அணிவார்கள். அக்காலத்தில் மஸ்லினில் மிகச் சிறந்தது டாக்காவிலிருந்து போனது. இங்கிலாந்துச் சீமாட்டி நாகரிகம் என்று உடுத்ததை நெய்தவர்கள் வங்காளத்து நெசவாளர்கள்.

சிவப்பு வேரும் ஊதாச் சாயமும்

முன்னாளில் நிறத்தைத் தீர்மானித்தது விலை. நல்ல சிவப்புக்குச் சாயவேர் வேண்டும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மண்ணில் தோண்டி எடுத்த இந்த வேருக்கு அவ்வளவு கிராக்கி இருந்ததால், ஒல்லாந்தர் அதைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். ஊதா இன்னும் அரிது. பழைய ரோம இராச்சியத்தில் கடல் நத்தைகளை ஆயிரக்கணக்கில் எடுத்துத்தான் அந்தச் சாயத்தைச் செய்தார்கள். அதனால் அது அரசர்களின் நிறமாயிற்று.

1856 இல் இலண்டனில் வில்லியம் பேர்கின் என்ற 18 வயது மாணவன் மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றான். மருந்து வரவில்லை. பாத்திரத்தின் அடியில் தங்கிய கறுப்புப் பொருளிலிருந்து அழகான இளம் ஊதாச் சாயம் வந்தது! அதுவே தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்ட முதல் செயற்கைச் சாயம். பிறகு சாயங்கள் மலிந்தன. அரசர் மட்டும் உடுத்த நிறத்தைக் கூலி வேலை செய்யும் பெண்ணும் வாங்கக்கூடிய காலம் வந்தது.

வெள்ளை மங்கலமா, துக்கமா?

இந்த ஊதாக் கதையை நான் சொன்ன ஒரு நாளில், வகுப்பில் எல்லோருக்கும் பழகுவதற்குத் துணி பிரித்துக் கொடுத்தோம். போரில் கணவனை இழந்த ஒரு தங்கை தனக்குக் கிடைத்த ஊதாத் துணியைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டாள். "எனக்கு இனி என்னத்துக்கு ரீச்சர் இந்த நிறம்? ஊர் என்ன சொல்லும்?" என்றாள். அவளுக்கு வயது 31. அவளுக்காகத் தேடிப் படித்தவைதான் கீழே உள்ளவை.

எங்கள் மணமகள் சிவப்புக் கூறை உடுப்பாள். வெள்ளைச் சீலை செத்தவீட்டை நினைவூட்டும். சீனாவிலும் வெள்ளை துக்கத்தின் நிறம், சிவப்பு கல்யாணத்தின் நிறம். ஆனால் எங்கள் நாட்டிலேயே பௌத்தப் பெண்கள் செத்தவீட்டுக்கும் வெள்ளை உடுப்பார்கள், போயா தினத்தில் விகாரைக்குப் போகவும் வெள்ளையே உடுப்பார்கள்.

ஐரோப்பாவிலும் ஒரே முறை இருக்கவில்லை. 16 ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் அரச குடும்பத்துப் பெண்கள் துக்கத்துக்கு வெள்ளை உடுத்தார்கள். 1560 இல், 17 வயதில் கணவனை இழந்த ஸ்கொட்லாந்து அரசி மேரியை அப்படி வெள்ளை உடையில் வரைந்த படம் இன்றும் இருக்கிறது.

கிறிஸ்தவ மணமகளின் வெள்ளை உடை பரவியதற்கு முக்கிய காரணம் விக்டோரியா மகாராணி. 1840 இல் அவர் வெள்ளை உடையில் திருமணம் செய்தார். ரேந்தை பின்னும் பெண்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று அந்த உடைக்குக் கையால் பின்னிய ரேந்தையைச் செய்வித்தார். 1861 இல் கணவர் இறந்தார். அன்றிலிருந்து 1901 இல் இறக்கும்வரை கறுப்பே உடுத்தார். ஆனால் தன்னை வெள்ளை உடையுடனும் கல்யாண முக்காட்டுடனும் அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

ஆக, வெள்ளை ஓரிடத்தில் மங்கலம், இன்னோரிடத்தில் துக்கம். நிறத்துக்குள்ளே அமங்கலம் என்று ஒன்றும் இல்லை. மனிதர்கள்தான் அதற்குப் பொருள் கொடுக்கிறார்கள். கொடுத்ததை மாற்றவும் மனிதர்களால் முடியும்.

தோளை மூடியதற்கு அடி

மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 19 ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் இராச்சியத்தில் நாடார் பெண்கள் மேற்சாதியார் முன்னே மார்பை மூடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மூடிய பெண்களைத் தெருவிலும் சந்தையிலும் அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். அதையும் ஊர் வழக்கம் என்றுதான் சொன்னார்கள். பெண்கள் பல ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். இது தோள்சீலைக் கலகம் எனப்படுகிறது. 1859 இல் மேலாடை அணியலாம் என்று மகாராஜா அறிவித்தார். அப்போதும் மேற்சாதிப் பெண்கள் உடுக்கும் விதத்தில் உடுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். இன்று அந்த நிபந்தனை எங்கே?

உங்களுக்குத் தெரியுமா?

• சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது 1851 இல். இலங்கையில் சிங்கர் 1877 இல் கடை திறந்தது.

• பிரித்தானியக் கடற்படையின் சாதாரண மாலுமிகளுக்குப் பொதுச் சீருடை வந்தது 1857 இல். அந்தக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனது சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1957 இல்.

• எங்கள் ஊரின் பெயர் கொண்ட திருகோணமலை என்ற போர்க்கப்பலைப் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி 1817 இல் கடலில் இறக்கினார்கள். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அது இன்றும் மிதக்கிறது.

முடிவு யாருடையது?

சகோதரிகளே, கணவனை இழந்த பெண் இன்ன நிறந்தான் உடுக்க வேண்டும் என்று எங்கள் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கணவர் காணாமற்போன பெண்களின் நிலை இன்னும் கடினமானது. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள், ஆள் காணாமற்போயிருப்பதைக் காட்டும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடம் கொடுத்தது. அந்தப் படிவத்தில் உங்கள் சீலையின் நிறத்தை யாரும் கேட்பதில்லை. ஊர் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

துக்கத்தால் வெள்ளை உடுக்க விரும்புகிற பெண்ணை யாரும் தடுக்க வேண்டாம். அது அவளுடைய அன்பு. ஆனால் விரும்பாதவளை வற்புறுத்தவும் வேண்டாம். முக்கியமாக, பெண்களாகிய நாங்களே இன்னொரு பெண்ணின் உடுப்பைப் பார்த்துக் குசுகுசுப்பதை நிறுத்துவோம். அடுத்த முறை பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ போகும்போது, கணவனை இழந்த உங்கள் அயலவளையும் அழைத்துக்கொண்டு போங்கள். "எந்தச் சீலை உடுக்கப் போகிறாய்?" என்று அவளிடமே கேளுங்கள். அவள் எதைச் சொன்னாலும், "உனக்கு வடிவாக இருக்கும்" என்று சொல்லுங்கள்.