காவல்காரனுக்கும் ஒரு சட்டம்

போன தவணையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "உலகத்தில் இல்லாத ஒரு ராஜ்யத்தைக் கற்பனை பண்ணி எழுதுங்கள்" என்று சொன்னேன். ராஜா, ராணி, பறக்கும் குதிரை என்று எழுதித் தள்ளினார்கள். எல்லாக் கதையிலும் கோட்டை வாசலில் ஒரு காவலன் நின்றான். ஆனால் அவனுக்குப் பேச்சும் இல்லை, கதையும் இல்லை. தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவன் மட்டும் எழும்பிக் கேட்டான்: "சேர், காவக்காரனுக்குன்னு சட்டம் ஏதும் இல்லீங்களா? அவன் என்னா செய்யலாம், என்னா செய்யக்கூடாதுன்னு?" அவனுடைய அப்பா தோட்டத்தில் வாச்சர்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடிக் கற்பனை ராஜ்யத்துக்குப் போகத் தேவையில்லை. நாம் இருக்கிற இந்த ஊவாவே கண்டி ராஜ்யத்தின் ஒரு பகுதியாக இருந்ததுதான். அந்த ராஜ்யத்தின் காவல் முறையைக் கண்ணால் கண்டு எழுதிய ஒருவர் இருக்கிறார்: ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக்குடாப் பக்கம் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் இரண்டாம் ராஜசிங்கனின் கைதியாக மலைநாட்டில் வாழ்ந்தவர். தொப்பி பின்னியும் சில்லறை வியாபாரம் செய்தும் பிழைத்தார். அந்த வியாபாரியின் தோற்றத்திலேயே வடக்கே போய், 1679இல் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். அவருடைய நூல் 1681இல் லண்டனில் வெளியானது.

அவர் சொல்வதன்படி, மலைப்பாதைகளின் குறுகலான இடங்களில் முள் வாசல்கள் இருந்தன. இரும்பாணி போன்ற முட்கள் உள்ள தடிகளைக் கட்டி, தூக்கித் திறக்கும்படி செய்த படலைகள் அவை. சிங்களத்தில் இத்தகைய வாசலுக்குக் 'கடவத' என்று பெயர். கொழும்பு வீதியிலுள்ள கடவத்தை என்ற ஊர்ப்பெயரில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. அங்கு நிற்கும் காவலன், அனுமதி முத்திரை இல்லாத எவரையும் விடக்கூடாது. அந்த முத்திரை கடதாசி அல்ல, களிமண்ணில் பதித்த அச்சு. படைவீரன் என்றால் தோளில் ஈட்டியோடு ஒரு மனிதன். கூலியாள் என்றால் காவுதடியின் இரு முனையிலும் பை தொங்க நடக்கும் மனிதன். வெள்ளைக்காரன் என்றால் இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும். கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை அச்சு இருக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத காவலனும் எண்ணிப் பார்த்து விடலாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உள்ளே வருகிறவர்களை விட வெளியே போகிறவர்களைத்தான் அங்கே அதிகம் விசாரித்தார்கள் என்கிறார் நொக்ஸ். அதாவது அந்த வாசல் எதிரியைத் தடுக்க மட்டும் கட்டியதல்ல, குடிமகனைப் பிடித்து வைக்கவும் கட்டியது. மாட்டுத் தவளங்களில் உப்பும் பாக்கும் ஏற்றி மலைக்கும் கரைக்கும் இடையே நடந்த எங்கள் மூதாதையர்களும் காவல் நின்ற இந்தப் பாதைகளில் போய் வந்தவர்கள்தான்.

அரண்மனைக்குள் இன்னும் கடுமை. 1664இல் நிலம்பையில் ஒரு கிளர்ச்சி நடந்து, அரசன் இரவோடிரவாக ஓட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவன் யாரையும் நம்பவில்லை. பெரிய அதிகாரிகள் இரவில் அரண்மனையிலேயே காவல் இருக்க வேண்டும். ஒரு காவலில் இருப்பவர் மற்றக் காவலில் இருப்பவரிடம் போகவோ பேசவோ கூடாது. யாரும் தூங்கிவிடாமல் குறித்த நேரங்களில் முரசும் எக்காளமும் முழங்கும். அரசனுக்கு மிக அருகில் நின்றவர்கள் ஆபிரிக்கக் காப்பிரிகள். சொந்த மக்களை விட அவர்களையே அவன் நம்பினான். ஒருமுறை இரவில் அனுப்பிய ஒற்றன், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிரதானியின் தொப்பியையும் வாளையும் எடுத்துவந்து அரசனிடம் கொடுத்தானாம். அரசன் அவற்றைத் திருப்பிக் கொடுத்து, இனிக் கவனமாக இரு என்று கண்டித்து விட்டானாம். முன்னொரு காலத்தில் அரசனே மாறுவேடத்தில் இரவில் தெருச் சுற்றியதும் உண்டு.

இந்த விதிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். தூங்காதே, பேசாதே, இடத்தை விட்டு அசையாதே, முத்திரை இல்லாமல் விடாதே. எல்லாமே காவலன் அரசனுக்குச் செய்ய வேண்டியவை. வாசலுக்கு வருகிற மனிதனுக்குக் காவலன் என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

இரவில் ஊர் சுற்றிய இன்னோர் ஆட்சியாளரை நாம் அறிவோம். மதீனாவில் ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவுக் காவல் சென்றபோது ஒரு வீட்டுக்குள் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்ததாகவும், உள்ளே ஒருவர் மது அருந்திக்கொண்டிருந்ததாகவும் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. அந்த மனிதர் பயப்படவில்லை. "நான் ஒரு தவறு செய்தேன், நீங்கள் மூன்று செய்தீர்கள்" என்றாராம். துருவித் துருவி ஆராய்ந்தது ஒன்று, வாசல் வழியே வராதது இரண்டு, அனுமதியும் ஸலாமும் இல்லாமல் நுழைந்தது மூன்று. மூன்றையும் குர்ஆன் தடுக்கிறது. கலீஃபா அதை ஏற்றுக்கொண்டு திரும்பினார்கள். குற்றவாளி முன்னாலும் காவலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதுதான் இதில் பாடம்.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. களிமண் முத்திரையின் இடத்தில் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வந்தது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, 'ஐசி'யை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்ட மக்களில் பலருக்கு நீட்டுவதற்கு அட்டையே இருக்கவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. சாவடியில் நின்றவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், வயதான உம்மாமாரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அது அவரவர் குணத்தைப் பொறுத்ததாக இருந்தது. குணத்தை மட்டும் நம்பி ஒருவனை வாசலில் நிறுத்துவது சரியல்ல. அதற்குத்தான் சட்டம் வேண்டும்.

அந்த மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: "காவக்காரனுக்குச் சட்டம் எழுதும்போது இரண்டு பக்கமும் எழுது. எசமானுக்கு என்ன செய்யணும் எண்டு ஒரு பக்கம். வழியால போறவனுக்கு என்ன செய்யப்படாது எண்டு மற்றப் பக்கம்."

அடுத்த வாரம் கொப்பியைக் கொண்டுவந்தான். அவனுடைய ராஜ்யத்தில் காவலனுக்கு முதலாம் விதி, விறகு பொறுக்க வந்த கிழவியிடம் முதலில் சலாம் சொல்ல வேண்டும் என்பது. இரண்டாம் விதி, தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மூன்றாவது, ராஜாவே வந்தாலும் முத்திரை கேட்க வேண்டும்.

புள்ளி போட்டுவிட்டு, "இத உங்க அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டு" என்றேன்.