ரோமில் கழன்ற சாதிப் பெயர்

2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை. வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கம் திருப்பயணிகளால் நிறைந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் தமிழ்க் குரல்களும் கேட்டன. குமரி மாவட்டத்திலிருந்து அருட்தந்தையர், அருட்சகோதரிகள், குடும்பத்தினர் எனக் குழுவாகப் போயிருந்தார்கள். பேராலய முகப்பில் பத்துப் பேரின் படங்கள் தொங்கின. அதில் ஒன்று, நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தின் படம். போப் பிரான்சிஸ் அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல் குடும்பஸ்தராக வாழ்ந்து புனிதரான முதல் இந்தியர் அவர்.

அந்தத் திருப்பயணத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு பெயரை. 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டபோது அவர் ‘தேவசகாயம் பிள்ளை’. ரோமில் வெறும் ‘தேவசகாயம்’. புனிதரின் பெயரோடு சாதிப் பெயர் வேண்டாம் என்று ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி.தேவசகாயம் வத்திக்கானுக்கு எழுதினார். அந்தப் பெயர் நீக்கப்பட்டது.

நீக்கியது நியாயம்தான். 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி பார்க்காமல் எல்லோரும் சமம் என்று பேசினார். அது மேல்சாதியாரின் பகையைத் தேடித் தந்தது என்று வத்திக்கானின் வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. 1749-ல் கைதானார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-ல் ஒரு கோவில் எழுந்தது. சாதிவாரியாக மக்களைப் பிரித்து நிறுத்த அதற்குள்ளே தடுப்பு வைத்துக் கட்டினார்கள். அது இடிக்கப்பட்டது 1910-ல்தான். சமத்துவம் பேசி உயிர்விட்டவரின் ஞானத்தொட்டில் ஊரிலேயே இந்த நிலை.

இன்று? சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகவே இருக்கிறது. திருவிழாத் தேர் தலித் தெருவுக்குள் வருவதில்லை. இது நாம் மட்டும் சொல்லும் குறை அல்ல. தமிழக ஆயர்கள் 2003-ல் ரோமுக்குச் சென்றபோது, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு கூடாது என்று போப் இரண்டாம் ஜான் பால் அவர்களிடமே நேராகச் சொன்னார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்ட் 27-ல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித் சமூகத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர் அவர்.

மாணவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, முதலில் இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது சட்டத்தின் கணக்கு. கல்லறைச் சுவரோ போகவில்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவே இழப்பது தலித் வீட்டுப் பிள்ளைகள்: படிப்பிலும் வேலையிலும் பட்டியல் சாதிக்கு உள்ள இடஒதுக்கீட்டை, அடித்தால், அவமானப்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் காவலை.

ரோமுக்குப் போக எல்லோருக்கும் வசதி கிடையாது. காற்றாடிமலைக்கு பஸ்ஸில் போகலாம். கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறையைப் பார்க்கலாம். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் ஊர் திரும்பியதும் பங்குப் பேரவையில் மூன்று கேள்வி கேட்கட்டும். நம் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா? தேர் எல்லாத் தெருவுக்கும் வருகிறதா? திருவிழாக் கமிட்டியில் எல்லோர் பெயரும் இருக்கிறதா?

ரோமில் ஒரு பெயரிலிருந்து சாதியை எடுக்க முடிந்தது. நம் ஊர்ச் சுவரை எடுக்க வத்திக்கானுக்கு மனு எழுத வேண்டியதில்லை. ஊரார் மனது வைத்தால் போதும்.