குமரப் பருவமும் தன்மதிப்பும்



"நீ யார்?" என்று ஒருவர் உங்களைக் கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? பெயரைக் கூறுவீர்கள், ஊரைக் கூறுவீர்கள், இன்ன பள்ளியில் இன்ன வகுப்பில் படிக்கிறேன் என்பீர்கள், இன்னாருடைய பிள்ளை என்பீர்கள். இவற்றுள் பெயர் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் நீங்கள் சேர்ந்திருக்கும் கூட்டங்களைக் குறிப்பவை அல்லவா? அந்தப் பெயரும் பிறர் இட்டதே.

நான் தலைமையாசிரியனாகப் பணியேற்ற இரண்டாம் ஆண்டில், பள்ளித் தாழ்வாரத்தில் தனியே நின்றிருந்த மாணவன் ஒருவனைக் கண்டேன். "தம்பி, உன் பெயர் என்ன?" என்று கேட்டேன். "ஒன்பதாம் வகுப்பு இ பிரிவு, ஐயா" என்றான், தலையைக் குனிந்துகொண்டு. மீண்டும் கேட்ட பிறகே பெயரைச் சொன்னான். அந்த விடை பல ஆண்டுகள் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். அவன் அவ்வாறு விடை கூறியது ஏன் என்பதை உளநூலின் துணைகொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சு.

குழந்தைப் பருவத்திற்கும் முதிர்ந்த பருவத்திற்கும் இடைப்பட்ட ஆண்டுகளைக் குமரப் பருவம் என்கிறோம். அமெரிக்க உளநூலறிஞர் ஸ்டான்லி ஹால் 1904 ஆம் ஆண்டில் இதனைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் எழுதி, இது புயலும் கொந்தளிப்பும் நிறைந்த பருவம் என்றார். எல்லாருக்கும் அவ்வாறு புயல் வீசுவதில்லை என்று பின்வந்தோர் காட்டினர். உடலில் நிகழும் மாறுதல்களை உங்கள் உயிர்நூல் ஆசிரியர் கூறியிருப்பார். நான் மனத்தின் மாறுதலைக் கூறுகிறேன். எட்டு வயதுச் சிறுவனிடம் அவனைப் பற்றிக் கேளுங்கள். "எனக்கு ஒரு மிதிவண்டி இருக்கிறது, நான் வேகமாக ஓடுவேன்" என்பான். அவனையே பதினான்கு வயதில் கேட்டால், "வீட்டில் நிரம்பப் பேசுவேன், வெளியே பேச வராது, உண்மையில் நான் எத்தகையவன் என்று எனக்கே தெரியவில்லை" என்பான். தன்னைத் தானே வெளியில் நின்று நோக்கும் ஆற்றல் அவனுக்கு வந்துவிட்டது. அறிவின் வளர்ச்சிதான் இது. ஆயினும் சற்றே துன்பந்தரும் வளர்ச்சி.

தன்னைத் தான் நோக்கத் தொடங்கியவன், எல்லாரும் தன்னையே நோக்குவதாகவும் எண்ணிக்கொள்கிறான். முகத்தில் ஒரு பரு தோன்றினால் ஊரே அதனைப் பார்ப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. டேவிட் எல்கைண்ட் என்பவர் 1967 இல் இதற்குக் 'கற்பனை அவையோர்' என்று பெயரிட்டார். நாடகமேடையில் நிற்பது போன்ற உணர்வு. ஆனால் எதிரே நாற்காலிகளில் பெரும்பாலும் எவரும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 2000 ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. மாணவர் வெட்கப்படக்கூடிய பாடகர் ஒருவரின் படம் பொறித்த பனியனை ஒரு மாணவனுக்கு அணிவித்து, பிற மாணவர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பனியனில் இருந்தவர் யாரென்று எத்தனை பேர் கவனித்திருப்பர் என்று கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் என்று மதிப்பிட்டார்கள் அணிந்தவர்கள். உண்மையில் கவனித்தவர் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. இவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பதினான்கு வயதில் இந்தக் கணக்கு இன்னும் எவ்வளவு தவறும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இனித் தன்மதிப்பு என்பது யாது? வில்லியம் ஜேம்ஸ் என்னும் பேரறிஞர் 1890 இல் இதனை ஒரு பின்னமாக எழுதிக் காட்டினார். மேலே வெற்றி, கீழே, நாம் நமக்கு வகுத்துக்கொண்ட எதிர்பார்ப்பு. மேலெண்ணைக் கூட்டினாலும் மதிப்பு உயரும். கீழெண்ணைக் குறைத்தாலும் உயரும். கணக்காசிரியர் மகிழத்தக்க விளக்கம் இது. ஆனால் ஒன்று கவனியுங்கள். குமரப் பருவத்தில் அந்தக் கீழெண்ணைப் பெரும்பாலும் நீங்கள் எழுதுவதில்லை. தந்தையார் எழுதுகிறார், அண்டை வீட்டார் எழுதுகிறார், முதல் மதிப்பெண் வாங்கிய மாமன் மகன் எழுதுகிறான்.

தன்மதிப்பை அளக்க இயலுமா என்று கேட்பீர்கள். மாரிஸ் ரோசன்பர்க் என்பவர் பத்தே கூற்றுகள் கொண்ட ஓர் அளவையை உண்டாக்கினார். ஐந்து தன்னை உயர்வாகவும் ஐந்து தன்னைத் தாழ்வாகவும் கருதும் கூற்றுகள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புகிறீர் என்று கேட்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவரிடம் இவ்வாறு ஆராய்ந்து 1965 இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த அளவை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அந்நூலில் என்னைத் திடுக்கிடச் செய்த முடிவு பெற்றோரைப் பற்றியது. மதிப்பெண் அட்டையைக் கண்டு கடிந்துகொள்ளும் பெற்றோரின் பிள்ளைகளைவிட, அதனை ஏறெடுத்தும் பாராத பெற்றோரின் பிள்ளைகளிடமே தன்மதிப்பு குறைந்திருந்தது. பிள்ளையின் நண்பர்கள் யாரென்று அறியாத வீடு, அவன் உணவு வேளையில் பேசுவதைக் கேளாத வீடு, இவைபோன்றவையே அவனை 'நான் ஒரு பொருட்டல்ல' என்று எண்ண வைக்கின்றன. கடிந்துகொள்வதற்கு இதனை ஒரு நற்சான்றாக எந்தத் தந்தையாரும் கொள்ள வேண்டா. புறக்கணிப்பு அதனினும் கொடிது என்பதே செய்தி.

தன்மதிப்பை உயர்த்திவிட்டால் படிப்பும் ஒழுக்கமும் தாமே உயர்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். கலிபோர்னியா மாநில அரசு 1986 இல் இதற்கென ஒரு குழுவையே அமைத்தது. பின்னர் ராய் பாமைஸ்டர் முதலியோர், செய்யப்பட்டிருந்த ஆராய்ச்சிகளை எல்லாம் திரட்டிச் சீர்தூக்கி 2003 இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினர். நன்கு படிப்பதால் தன்மதிப்பு ஓரளவு உயர்கிறதே அன்றி, தன்மதிப்பை உயர்த்துவதால் படிப்பு உயர்வதற்குச் சான்று மிகக் குறைவு என்பது அவர்கள் கண்டது. ஆகவே நாள்தோறும் கண்ணாடி முன் நின்று "நான் சிறந்தவன்" என்று நூறு முறை கூறிக்கொள்வதில் பெரும்பயன் இல்லை.

'நான் யார்' என்னும் வினாவையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் எரிக் எரிக்சன். அவர் 1902 இல் ஜெர்மனியில் பிறந்தார். தம்மைப் பெற்ற தந்தை யாரென்று அவர் இறுதிவரை அறிந்தாரில்லை. வளர்ப்புத் தந்தையார் யூத மருத்துவர். சிறுவனோ நெடிய உருவமும் பொன்னிற முடியும் நீலக் கண்களும் உடையவன். ஆதலால் யூதக் கோவிலில் உடன்பயின்ற பிள்ளைகள் "நீ எங்களவன் அல்லன்" என்று ஏளனம் செய்தார்கள். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் "நீ யூதன்" என்று ஏளனம் செய்தார்கள். இரு பக்கமும் இடமில்லாத அச்சிறுவனே வளர்ந்து, குமரப் பருவத்தின் முதற்பணி தன் அடையாளத்தைக் காண்பது என்று உலகிற்கு எடுத்துரைத்தான். 1939 இல் அமெரிக்கக் குடிமகனானபோது 'எரிக்சன்' என்னும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்சன். தமக்குத் தாமே தந்தையானார் போலும்! ஆமதாபாத்தில் 1918 இல் நடந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் கொண்டு காந்தியடிகளின் உள்ளத்தை ஆராய்ந்து 1969 இல் நூல் எழுதியவரும் இவரே.

இளைஞர் பலவற்றை முயன்று பார்க்கவும், தவறவும், திரும்பவும் சமுதாயம் சிறிது காலம் தவணை கொடுக்க வேண்டும் என்பது எரிக்சனின் கருத்து. நம் வீடுகளில் அந்தத் தவணை பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவோடு முடிந்துவிடுகிறது என்பது என் குறை. அது வேறு பேச்சு.

இப்போது நாம் அந்த இ பிரிவுப் பையனை நெருங்குகிறோம். அவன் மனத்தை எனக்கு விளக்கியவர் ஹென்றி தாஜ்ஃபெல். அவர் 1919 இல் போலந்து நாட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் படித்துக்கொண்டிருக்கையில் போர் மூண்டது; பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1940 இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். தாம் போலந்து நாட்டு யூதர் என்பது வெளிப்பட்டால் உயிர் தங்காது. பிரெஞ்சு நாட்டவர் என்றே கூறிப் பிழைத்தார். போர் முடிந்து வந்து பார்த்தபோது உற்றார் உறவினர் ஏறத்தாழ அனைவரும் மாண்டிருந்தனர். எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்னும் ஒரு சொல்லில் உயிர் தொங்கிய அனுபவம் அவருடையது. அவர் பின்னாளில் ஒரு வினா எழுப்பினார்: ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தைத் தாழ்த்துவதற்குப் பழம்பகையோ, பங்காளிச் சண்டையோ, பொருட்போட்டியோ கட்டாயம் வேண்டுமா?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி மாணவரிடம் அவர் சோதனை செய்தார். முடிவுகள் 1970 இல் வெளிவந்தன. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். திரையில் புள்ளிக் கூட்டங்களைக் காட்டி, எத்தனை புள்ளிகள் என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு, "நீ மிகையாக மதிப்பிடும் குழு, நீ குறைவாக மதிப்பிடும் குழு" என்று பிரித்தார்கள். மற்றொரு முறை, க்ளீ, காண்டின்ஸ்கி என்னும் இரு ஓவியர்களுள் எவருடைய படங்களை விரும்பினாய் என்பதைக் கொண்டு பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்ததெல்லாம் குருட்டாம்போக்கில்தான். ஒவ்வொருவனையும் தனியே அமர்த்தி, வேறு இருவருக்குச் சிறு காசு பங்கிடச் சொன்னார்கள். அந்த இருவர் யாரென்று தெரியாது. எண்ணும் குழுவும் மட்டுமே தெரியும். தனக்கென்று ஒரு காசும் எடுத்துக்கொள்ள இயலாது.

என்ன செய்தார்கள் தெரியுமா? பெரும்பாலோர் தம் குழுவினனுக்கே மிகுதியாகக் கொடுத்தார்கள். அது கூட எதிர்பார்க்கத் தக்கதே. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பங்கீட்டு வரிசையின் ஒரு கோடியில், நம்மவனுக்கு 19, மற்றவனுக்கு 25. நடுவில் இருவருக்கும் 13. மறுகோடியில் நம்மவனுக்கு 7, மற்றவனுக்கு 1. நம்மவன் நன்மையை மட்டும் கருதினால் 19 அன்றோ சிறந்தது? பையன்களின் உள்ளமோ 7-க்கும் 1-க்கும் உரிய கோடியின் பக்கம் சாய்ந்தது. நம்மவன் பெறுவது குறைந்தாலும் சரி, மற்றவன் நமக்குக் கீழே இருக்க வேண்டும்! அரைமணி நேரத்திற்கு முன் இல்லாத குழு. ஆட்டத்திற்குப் பின் இராத குழு. அதற்காக இந்த இழப்பு.

தாஜ்ஃபெலும் அவருடைய மாணவர் ஜான் டர்னரும் 1979 இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நம் தன்மதிப்பில் ஒரு பங்கு நம் சொந்தச் செயலிலிருந்து வருகிறது. மற்றொரு பங்கு நாம் சேர்ந்திருக்கும் கூட்டத்திலிருந்து வருகிறது. கூட்டம் உயர்ந்தால் நாமும் உயர்ந்ததாக உணர்கிறோம். கூட்டம் உயர்ந்தது என்பதற்கு, அருகில் தாழ்ந்த கூட்டம் ஒன்று வேண்டியிருக்கிறது. தன்னைப் பற்றி உறுதியாக ஒன்றும் அறியாத, எல்லாக் கண்களும் தன்மேல் இருப்பதாக அஞ்சுகின்ற குமரப் பருவத்தினருக்கு இந்த இரண்டாம் பங்கு எவ்வளவு கவர்ச்சியாக இருக்கும்! உழைத்துப் பெற வேண்டுவதில்லை. சேர்ந்தால் போதும், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரித்தால் போதும்.

தாழ்த்தப்பட்ட கூட்டத்தில் சிக்கியவன் என்ன செய்வான்? மூன்று வழிகளை அவ்விருவரும் காட்டினார்கள். தனியனாக அக்கூட்டத்தைவிட்டு வெளியேற முயல்வது ஒன்று. கூட்டத்தில் இருந்துகொண்டே அளவுகோலை மாற்றிவிடுவது இரண்டாவது. மேலிருப்பவரோடு நேரே மோதுவது மூன்றாவது. இதனைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். ஏனெனில் மூன்றையும் நான் கண்ணாரக் கண்டிருந்தேன்.

இப்போது என் தவற்றைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பை மதிப்பெண் வரிசைப்படி அ, ஆ, இ என்று பிரித்தவன் நானே. மெலிந்த மாணவர்க்குத் தனிக்கவனம் செலுத்தலாம் என்பது என் கருத்து. நல்ல கருத்து என்றே நம்பினேன். ஆசிரியர் சிலர் எச்சரித்தனர், கேட்டேனில்லை. ஆகஸ்டு மாதத்திற்குள் இ பிரிவின் பெற்றோர் ஏழெட்டுப் பேர் வந்து, எங்கள் பிள்ளையை வேறு பிரிவிற்கு மாற்றுங்கள் என்று கெஞ்சினார்கள். இது முதல் வழி. எஞ்சிய பையன்கள், "படிப்பு அவர்களுக்கு, கபடி நமக்கு" என்றார்கள். மேலும் சில திங்களில், யார் அதிகமாக ஆசிரியரிடம் அடி வாங்குகிறான் என்பதே அவர்களுக்குள் பெருமைக்கு அளவுகோலாயிற்று. இது இரண்டாம் வழி. குடிநீர்க் குழாயடியில் அ பிரிவினருக்கும் அவர்களுக்கும் நடந்த கைகலப்பு மூன்றாம் வழி. இவை மூன்றிலும் சேராமல், தன் பெயருக்கு முன்னே பிரிவின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டவன்தான் தாழ்வாரத்தில் நின்ற அந்தப் பையன். அவன் படிப்பில் மந்தன் அல்லன் என்பதைப் பின்னால் அறிந்தேன். முந்திய ஆண்டுத் தேர்வின்போது அவன் நோயுற்றிருந்தான். மதிப்பெண் குறைந்ததற்கு அதுவே காரணம். பட்டியலில் அந்தக் காரணத்திற்கு இடம் இருக்கவில்லை.

அடுத்த ஜூன் மாதத்தில் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் பிரிவுகளை அமைத்தேன். இனிப் பூசல் இராது என்று எண்ணினேன். இரண்டு வாரம் சென்றது. கபடிப் போட்டியில் புதிய அ பிரிவும் புதிய ஆ பிரிவும் தொண்டை கட்டும்வரை ஒருவரையொருவர் இகழ்ந்து கூவினார்கள். சென்ற ஆண்டு ஒரே பலகையில் அமர்ந்திருந்தவர்கள் எதிரெதிரே நின்றார்கள்! பிரிஸ்டல் நகரத்துப் பையன்களே என் விளையாட்டுத் திடலுக்கு வந்துவிட்டது போல் இருந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு கண்டேன்: ஆட்டம் முடிந்ததும் கலந்து நடந்து வீடு சென்றார்கள். எந்தப் பிரிவும் மற்றதற்கு மேல் என்று என் கையொப்பமிட்ட தாள் எதுவும் அறிவிப்புப் பலகையில் இல்லை.

தாழ்வாரத்தில் நின்ற பையன் அந்தக் குலுக்கலில் எந்தப் பிரிவில் விழுந்தான் என்று எண்ணிப் பார்க்கிறேன். நினைவிற்கு வரவில்லை. அவன் பெயர் மட்டும் நினைவிருக்கிறது.