டென்ஷன் வந்தால் கை ஏன் சிப்ஸ் பாக்கெட்டைத் தேடுது?

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் மாதந்தோறும் அமாவாசை இரவு அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். தரிசனம் முடித்து, விடிய விடிய பஸ்ஸில் சென்னை திரும்பி, நேராக ஆபீஸ் போகிறவர்களும் உண்டு. தூக்கம் இல்லை, மேனேஜர் மெசேஜ் வேறு. மதியத்துக்குள் 3 டீ, 2 பஜ்ஜி, ஒரு பாக்கெட் சிப்ஸ் உள்ளே போயிருக்கும். 'பசிக்கவே இல்லையே, எதுக்குச் சாப்பிட்டேன்?' என்ற கேள்வி அப்புறம்தான் வரும்.

இது வெறும் நாக்குச் சபலம் இல்லை. மன அழுத்தம் நீடித்தால் கார்டிசால் ஹார்மோன் கூடி, இனிப்பு, எண்ணெய்ப் பலகாரங்கள் மீது ஆசையைத் தூண்டும். தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடி, 'போதும்' எனச் சொல்லும் லெப்டின் குறையலாம்.

பசியா, டென்ஷனா?

வயிற்றுப் பசி மெதுவாக வரும். இட்லி கிடைத்தாலும் அடங்கும். டென்ஷன் பசி திடீரென வரும். 'அதுதான் வேணும்' என்று அடம்பிடிக்கும்.

என்ன செய்யலாம்?

* 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு ஒரு நடை போய் வாருங்கள்.
* நம்ம ஊர் வயலில் விளையும் வேர்க்கடலையை அவித்து ஒரு கைப்பிடி சாப்பிடலாம். சுண்டல், கொய்யா, மோர் கலந்த கேழ்வரகுக் கூழும் நல்லது. உப்பு அளவோடு இருக்கட்டும்.
* சிப்ஸ்தான் வேண்டுமா? பாக்கெட்டோடு உட்காராமல், கிண்ணத்தில் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்.
* காலை உணவைத் தவிர்க்க வேண்டாம். சாயங்காலம் வட்டியோடு வசூலாகும்.
* சாப்பாடு கைமீறிப் போவதாகத் தோன்றினால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

ஒருநாள் தவறினால் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். அதுவும் இன்னொரு டென்ஷன்தான்!