சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறியில் தொடர் கருச்சிதைவும் வளர்சிதைமாற்றக் காரணிகளும்: விருத்தாசலத்தை முன்வைத்து

தமிழில் வழங்கும் 'நீர்க்கட்டி' என்னும் பெயரே இந்நோய் குறித்துத் தவறான எண்ணத்தை விதைப்பதாக உள்ளது. சினைப்பையில் காணப்படுபவை கட்டிகள் அல்ல. முதிர்ச்சியடையாமல் நின்றுவிட்ட சூல் நுண்ணறைகள். கடலூர் மாவட்டத்தின் பீங்கான் நகரான விருத்தாசலத்தில், இருமுறை கருவை இழந்த ஒரு பெண் ஸ்கேன் அறிக்கையில் இச்சொல்லைக் காண நேர்ந்தால், கட்டியே கருவைக் கலைத்தது என்று கருதுவது இயல்பே. ஆய்வுச் சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. தொடர் கருச்சிதைவுக்கு உள்ளான 2,199 பெண்களை இலண்டனில் ஆராய்ந்த ராய் குழுவினர் (2000), 40.7 விழுக்காட்டினருக்கு இத்தகைய சினைப்பை இருந்ததைக் கண்டனர். எனினும் அடுத்த கருவில் உயிருள்ள குழந்தை பெற்றோர் விகிதம், அத்தோற்றம் உடையோரிடமும் இல்லாதோரிடமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

எனவே, சினைப்பையின் தோற்றத்தைவிட இன்சுலின் எதிர்ப்புநிலையே கவனத்திற்குரியதாகிறது. தொடர் கருச்சிதைவுற்ற 74 பெண்களையும் ஒப்பீட்டுக்குரிய 74 பெண்களையும் ஆராய்ந்த கிரெய்க் குழுவினர் (2002), முன்னவரில் 27 விழுக்காட்டினரிடமும் பின்னவரில் 9.5 விழுக்காட்டினரிடமும் அந்நிலையைக் கண்டனர். மிகுந்த இன்சுலின் சினைப்பையில் ஆண்தன்மை இயக்குநீரைப் பெருக்குகிறது. உறைந்த இரத்தம் கரைவதைத் தடுக்கும் புரதத்தின் உயர்வோடும், கரு பதிவதற்குத் துணைநிற்கும் கருப்பை உட்சவ்வுப் புரதத்தின் குறைவோடும் அது தொடர்புடையது. இவை தொடர்பைக் காட்டுவனவே அன்றி, காரணத்தை உறுதிசெய்வன அல்ல. உடற்பருமன் தனியாகவும் இடரைக் கூட்டுகிறது. இந்தியப் பெண்கள் ஒல்லியாகத் தோன்றினும் வயிற்றுக் கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதால், உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை தேவை.

மெட்பார்மின் மாத்திரை கருவைக் காக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. குழந்தைப்பேறு வாய்க்காத 626 பெண்களிடம் லெக்ரோ குழுவினர் நடத்திய ஆய்வில் (2007), மெட்பார்மின் மட்டும் பெற்றோரில் 7.2 விழுக்காட்டினரும் குளோமிபீன் பெற்றோரில் 22.5 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். தொடக்கநிலைக் கரு இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மருத்துவர் வி. சேஷையாவின் முயற்சியால், கர்ப்பிணியர் அனைவருக்கும் நீரிழிவுப் பரிசோதனை 2007-இல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. 75 கிராம் குளுக்கோஸ் பருகிய இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டினால் அது கர்ப்பகால நீரிழிவு. ஆயின் கர்ப்பப் பதிவுக்குமுன்பே கரு கலைந்தவருக்கு இத்திட்டம் பயன்படுவதில்லை. ஐரோப்பிய வழிகாட்டல் இரண்டு இழப்புகளையே தொடர் கருச்சிதைவாகக் கொள்வதால், இரண்டாம் இழப்புக்குப் பின், அடுத்த கருவுக்கு முன்பே, குளுக்கோஸ் பரிசோதனையும் இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றின் அளவீடும் செய்யப்பட வேண்டும். இவற்றுக்குப் பெருநகரம் செல்லத் தேவையில்லை. பாஸ்போலிப்பிட் எதிர்ப்புப்பொருள், குரோமோசோம் ஆகியவற்றின் ஆய்வுக்கே பெரிய மையங்கள் வேண்டும். 'நீர்க்கட்டி' தென்பட்டது என்பதற்காக அவற்றைக் கைவிடுதல் கூடாது.