தண்ணீரில் சேர்த்து வைத்த வெயில்

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 100 லிட்டர் சோலார் ஹீட்டர் இருக்கிறது. "சோலார் போட்டீங்க, பேட்டரி எங்கேக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு அதன் தொட்டியைத்தான் காட்டுகிறேன். அதுதான் பேட்டரி.

கணக்கைப் பாருங்கள். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். 100 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்றினால் ஏறக்குறைய 4.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் உள்ளே தங்கிவிடும். இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி முழுக்க சார்ஜ் ஆனாலும் 1.8 யூனிட்தான். வெந்நீரால் பல்பு எரியாது, வாஸ்தவம். ஆனால் கீசருக்குக் கொடுக்கிற கரண்டும் கடைசியில் வெந்நீராகத்தானே ஆகிறது?

இதற்கு மோட்டார் கிடையாது. கண்ணாடிக் குழாய்களின் கறுப்புப் பூச்சில் வெயில் பட்டதும் உள்ளே இருக்கிற தண்ணீர் சூடாகி, லேசாகி, தொட்டிக்கு ஏறும். குளிர்ந்தது கனத்து இறங்கும். பொழுது சாயும்வரை இந்தச் சுற்றுதான். தொட்டியைச் சுற்றியுள்ள பஃப் நுரை அந்தச் சூட்டை விடியும்வரை காக்கும். முந்தின நாள் நண்பகல் வெயிலில்தான் மார்கழிக் காலையில் குளிக்கிறோம்.

கரண்டு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1902-லேயே காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கரண்டு கொண்டுவந்தார்கள். ஆனால் அது தங்கச் சுரங்கத்துக்காக வந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் என் அம்மா புகையில் கண் கசக்கி, விறகு வைத்துத்தான் அண்டாவில் தண்ணீர் காய்ச்சினாள். தாத்தா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அது கொதித்திருக்க வேண்டும். பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்திலிருந்து ஏறி வந்தவர், மேலே வந்ததும் குளிரில் நடுங்குவார்.

வாங்குகிறவர்களுக்கு: தெற்குப் பார்த்து, நிழல் விழாத இடத்தில் வையுங்கள். பைப்பு நீண்டால் முதல் வாளி பச்சைத் தண்ணீராகத்தான் வரும். குளியலறைக்கு மேலேயே இருந்தால் நல்லது. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. குழாயைக் கழற்றினால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆளை விட்டுக் கழுவாவிட்டால் சூடு ஏறாது. மூடாக்கு நாளுக்குக் கரண்டு ஹீட்டரும் வேண்டும்.

2001-ல் சுரங்கம் மூடியபிறகும் லைன் வீடுகளில் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றின் தகரக் கூரை 100 கிலோ தண்ணீரைத் தாங்காது. தெருவுக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு அடித்து, பொதுவில் பெரிய ஹீட்டர் வைக்கலாம். நகரசபை இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.